சொந்தத் தோட்டத்துக்கே ஆராய்ச்சிக்குப் போறீங்களா? "யாரு வீட்டுப் புள்ள"ங்கிற கேள்வியில இருந்து தொடங்குங்க

வருஷத்துக்கு நாலஞ்சு பேராச்சும் எனக்கு மெசேஜ் போடுறாங்க, எல்லாம் நம்ம மலையகத்து, அதாவது இலங்கைத் தேயிலைத் தோட்டத்துப் புள்ளைங்க, கெம்பஸ்ல கடைசி வருஷம் இல்லாட்டி எம்பில் தொடங்கினவங்க. கேள்வி எல்லாருக்கும் ஒண்ணுதான்: "அக்கா, எங்க தோட்டத்துலயே பீல்ட்வர்க் பண்ணப் போறேன், ஆய்வாளரோட அடையாளம் பத்தி ஒரு பகுதி எழுதணுமாம், அதுல என்ன எழுதுறது?" ஒவ்வொருத்தருக்கா வாய்ஸ் மெசேஜ் போட்டு தொண்டை காஞ்சதுதான் மிச்சம், அதனால இந்தத் தடவ முழுசா எழுதிடுறேன், நீளமா இருக்கும், ஒரு பிளேன்டீ போட்டுட்டு உக்காந்து வாசிங்க.

என்னப் பத்தி முதல்ல. ஹட்டன் பக்கம் ஒரு தோட்டம், அம்மா 31 வருஷம் கொழுந்து எடுத்தவங்க, நான் எம்பில் பண்ணினது தோட்டத்துப் பொம்பளைங்களோட சம்பளம் வீட்டுல யாரு கையில இருக்குங்கிறதப் பத்தி. யாழ்ப்பாணத்துலயோ மட்டக்களப்புலயோ உங்க சொந்த ஆக்களப் பத்தி ஆய்வு செய்றவங்களுக்கும் இதுல பாதி பொருந்தும், பேருங்களத்தான் மாத்திப் போட்டுக்கணும்.

முதல்ல ஒரு கேள்வியத் தூக்கிப் போடுங்க

"நான் உள்ளாளா, வெளியாளா?" எல்லாரும் இதுல தொடங்கி இதுலயே முப்பது பக்கம் எழுதி மாட்டிக்கிறாங்க. கிரின் நாராயண்ங்கிற மானிடவியலாளர் 1993லயே ஒரு கட்டுரையில இந்தப் பிரிப்பயே உடைச்சுட்டாங்க. அப்பா இந்தியர், அம்மா ஜெர்மன்-அமெரிக்கர், இந்தியாவுல வளந்தவங்க, எந்த ஊருல நின்னா அவங்க "சொந்த" ஆளு? அது மாதிரிதான், நீங்க ஒரு லயத்துல (தொழிலாளருங்க குடியிருக்கிற வரிசை வீடுங்க) சொந்தம், பத்து அடி தள்ளி அடுத்த லயத்துல விருந்தாளி, மேனேஜர் பங்களாவுக்குப் போனா மனுக் குடுக்க வந்த ஆளு. நீங்க யாருன்னு சொல்ற அட்டை உங்க பாக்கெட்ல இருக்குன்னு நெனைக்காதீங்க, அது அவங்க கையில இருக்கு, வீட்டுக்கு வீடு வேற கலர்ல எழுதித் தருவாங்க. நம்ம வேலை அத வாங்கி, எந்த வீட்டுல என்ன எழுதியிருந்துச்சுன்னு குறிச்சு வைக்கிறதுதான்.

படி 1: உங்களையே இன்டர்வியூ எடுங்க

தோட்டத்துக்கு பஸ் ஏறுறதுக்கு முன்னாடி ஒரு நோட்டு வாங்குங்க. இஸ்தோப்புல (வாசல் திண்ணையில) உக்கார வச்சுட்டு எந்தப் பாட்டியும் கேக்குற முதல் கேள்வி என்ன? "நீ யாரு வீட்டுப் புள்ள?" அதுக்குப் பதில் எழுதுங்க, ஆனா முழுசா. எந்த டிவிஷன், எந்த லயம், மேட்டு லயமா பள்ளத்து லயமா, அப்பா அம்மா என்ன வேலை, தாத்தா என்ன வேலை, இந்தியாவுல எந்த ஊருன்னு வீட்டுல சொல்லிக்கிறாங்க, திருச்சியா புதுக்கோட்டையா சேலமா, என்ன சாதி, சாமி கும்புடுற குடும்பமா சர்ச்சுக்குப் போற குடும்பமா, வீட்டுல எந்த யூனியனுக்கு சந்தா கட்டுறாங்க, தலைவரா இருந்த மாமா யாராச்சும் உண்டா, யாரு கூட பேச்சுவார்த்தை இல்ல, காணிச் சண்டை கல்யாணச் சண்டை எதாவது இருக்கா.

இதுல ஒரு விஷயத்த எழுதக் கை வராது பாருங்க, அதத்தான் கட்டாயம் எழுதணும். நான் எழுதினப்ப "கொழுந்து எடுக்கிற அம்மாவோட மக, தோட்டத்துல இருந்து கெம்பஸ் போன மூணாவது ஆளு"ன்னு பெருமையா ஒரு பக்கம் எழுதினேன். எங்க தாத்தா சில்லறைக் கங்காணியா, அதாவது ஒரு கூட்டத்துக்கு மேல நின்னு வேலை வாங்குறவரா இருந்தவரு. அத ஒரு வரியில, அதுவும் அடைப்புக்குறிக்குள்ள போட்டேன். ஒளிச்சேன்னு சொல்ல மாட்டேன், அவரு நான் பொறக்கும் முன்னயே செத்துட்டாரு, எனக்கு அது ஒரு பழைய போட்டோ அவ்வளவுதான். அந்தப் போட்டோ எனக்கு முன்னாடியே எல்லா வீட்டுக்கும் போயிருந்துச்சு, அது பின்னாடிதான் விளங்குச்சு.

படி 2: அவங்கள என்ன பேர் சொல்லிக் கூப்பிடப் போறீங்க

தலைப்புலயே இது வந்துரும். இந்தியத் தமிழர், இந்திய வம்சாவளித் தமிழர், மலையகத் தமிழர், மலையக மக்கள், ஒவ்வொண்ணும் ஒரு கட்சி. அரசாங்கக் கணக்குல ரொம்பக் காலம் "இந்தியத் தமிழர்"தான், 2012 குடிசன மதிப்பீட்டுல எட்டு லட்சத்து சொச்சம் பேரு அப்படிப் பதிவானாங்க, ஆனா தோட்டத்துல பொறந்து "இலங்கைத் தமிழர்"னு பதிஞ்சவங்களும் நிறைய, எங்க வீட்டுலயே ரெண்டு பேரோட பொறப்பு அத்தாட்சிப் பத்திரத்துல ரெண்டு விதமா இருக்கு. 2023ல நம்மாளுங்க வந்து 200 வருஷம்னு தலைமன்னார்ல இருந்து மாத்தளை வரைக்கும் நடந்தாங்களே, அதுக்கப்புறம் இளம் ஆளுங்ககிட்ட "மலையகத் தமிழர்"ங்கிற சொல் இன்னும் உறுதியாயிருச்சுன்னு எனக்குத் தோணுது. ஆனா எங்க அப்பாயி வயசுக்காரங்கள கேட்டா "நாம தோட்டத்து ஆளுங்க"ன்னுதான் சொல்வாங்க. நீங்க எந்தப் பேர எடுத்தாலும் சரி, ஏன் எடுத்தேன்னு எழுதுங்க, அதோட அவங்க வாயில வந்த பேர மாத்தாதீங்க. அவங்க "தோட்டத்து ஆளு"ன்னு சொன்னத நீங்க "மலையகத் தமிழர்"னு திருத்தி டைப் அடிச்சீங்கன்னா அது உங்க அரசியல், அவங்களோடது இல்ல.

படி 3: எந்த வாசல் வழியாப் போறீங்க

தோட்டம் கிராமம் மாதிரி இல்ல. காணி அரசாங்கத்தோடது, 1970கள்ல தேசியமயமாக்கி 1992ல நிர்வாகத்த கம்பனிங்க கையில குடுத்தாங்க, இன்னைக்கும் உள்ள போய் ஆய்வு செய்யணும்னா தொர (மேனேஜர்) கிட்ட இருந்து ஒரு கடிதம் கேப்பாங்க. சொந்த ஊருக்குப் போக நான் எதுக்குக் கடிதம் வாங்கணும்னு கோவம் வரும், எனக்கும் வந்துச்சு. ஆனா யாரு மூலமா உள்ள போறீங்களோ அவங்க நிழல் கடைசி வரைக்கும் உங்க மேல விழும். பங்களாவுல இருந்து வெல்பெயார் ஆபீசர் கூட்டிட்டுப் போய் அறிமுகம் செஞ்சா, "கம்பனி அனுப்பின ஆளு". யூனியன் தலைவர் கூட்டிட்டுப் போனா, அடுத்த யூனியன் வீடு கதவு சாத்தும். ஸ்கூல் டீச்சர் கூட போனா எல்லாரும் பரீட்சைக்குப் பதில் சொல்ற மாதிரி சொல்வாங்க.

லைலா அபு-லுகோத்ங்கிற மானிடவியலாளரோட கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அப்பா பலஸ்தீனர், அம்மா அமெரிக்கர், 1978ல எகிப்துல அவ்லாத் அலி பெதுவின் மக்கள்கிட்ட ஆய்வுக்குப் போறப்ப அவங்க அப்பா நானும் கூட வருவேன்னு அடம் பிடிச்சாரு. படிச்ச பொண்ணு, அப்பாவ கூட்டிட்டுப் போறதான்னு அவங்களுக்கு வெக்கம். பின்னாடிதான் விளங்குது, தனியாப் போயிருந்தா "வீட்டுக்கு வேண்டாத பொண்ணு போல"ன்னு நெனைச்சிருப்பாங்க, அப்பா வந்து ஒப்படைச்சதாலதான் அவங்கள ஒரு வீட்டு மக மாதிரி வச்சுக்கிட்டாங்க. ஆனா வீட்டு மகளா ஆனா மகளுக்கு உள்ள கட்டுப்பாடும் கூட வரும், ஆம்பளைங்க இருக்குற இடத்துல போய் நெனச்சபடி உக்கார ஏலாது. நம்ம ஊருலயும் அதே கதைதான். நான் எங்க சித்தி கூட போனேன், பொம்பளைங்க எல்லாம் அடுப்படி வரைக்கும் விட்டாங்க, ஆனா தவறணை (சாராயக் கடை) வாசல்ல உக்காந்திருக்கிற ஆம்பளைங்ககிட்ட சம்பளக் காசு எங்க போகுதுன்னு கடைசி வரைக்கும் நேரா கேக்க முடியல.

என் யோசனை, ரெண்டு வாசல் வச்சுக்கோங்க, ஒண்ணு பிள்ளை மடுவம் (வேலைக்குப் போறவங்க புள்ளைங்கள விட்டுட்டுப் போற இடம்) மாதிரி எல்லாச் சாதி எல்லா யூனியன் பொம்பளைங்களும் வந்து போற இடம், இன்னொண்ணு உங்க சொந்தக்காரங்க. முதல் வாசல்ல நல்லாத் தெரிஞ்ச முகமான பிறகு ரெண்டாவதத் தொடுங்க. நான் தலைகீழாப் பண்ணி ரெண்டு மாசத்த வீணாக்கினேன்.

நேரம் பத்தி ரெண்டு வரி. காலைல பெரட்டுக் களத்துப் (வேலைக்கு ஆள் பிரிக்கிற இடம்) பக்கம் போய் யாரையும் நிறுத்திக் கதைக்காதீங்க, கணக்குப்பிள்ளை முறைப்பாரு. சாயங்காலம் கொழுந்து எடை போட்டுட்டு வந்து தண்ணி வச்சு ராச்சாப்பாட்டுக்கு அடுப்பு மூட்டுற வரைக்கும் விடுங்க. சம்பளத் தேதி, அட்வான்ஸ் தேதி ரெண்டுலயும் போகவே போகாதீங்க.

படி 4: உங்க நாக்கக் கவனிங்க

அமெரிக்காவுல ஸோரா நீல் ஹர்ஸ்டன்னு ஒரு கறுப்பினப் பெண், புளோரிடாவுல கறுப்பின மக்களே நடத்தின ஈட்டன்வில்ங்கிற ஊருல வளந்தவங்க, நியூயார்க்ல ஃப்ரான்ஸ் போவாஸ்கிட்ட மானிடவியல் படிச்சாங்க. 1927ல சொந்தச் சனங்ககிட்ட கதை சேகரிக்க தெற்குப் பக்கம் போனப்ப, படிச்ச காலேஜோட சுத்தமான உச்சரிப்புல நாட்டுப்புறக் கதை எதாச்சும் தெரியுமான்னு கேட்டுத் திரிஞ்சாங்களாம், ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. காலம் போய் அவங்களே அதச் சிரிச்சுக்கிட்டு எழுதியிருக்காங்க.

எனக்கு நடந்தது அதோட தங்கச்சி. முதல் நாள் எங்க பக்கத்து வீட்டு அக்காகிட்ட "எங்க சூப்பர்வைசர் இந்தக் கேள்வி எல்லாம் கேக்கச் சொல்லியிருக்காரு"ன்னு சொல்லிட்டேன். தோட்டத்துல சூப்பர்வைசர்னா மலையில நின்னு வேலை வாங்குறவரு! அந்த அக்கா முகம் மாறிப் போச்சு, "எந்த சூப்பர்வைசர், நம்ம நாலாம் நம்பர் மலைக்காரனா, அவனுக்கு எதுக்கு என் சம்பளக் கணக்கு?"ங்கிறாங்க. அதுக்கப்புறம் "எனக்குப் படிச்சுக் குடுக்கிற சேர்"னுதான் சொன்னேன்.

அதே மாதிரி ரெகார்ட் பண்ணினத எழுதுறப்ப இலக்கணத் தமிழாக்கி வைக்காதீங்க. "பேரு போட்டாங்க", "அரைப் பேரு", "கைக்காசுக்குப் போனேன்", இதுங்களுக்கு உள்ள அர்த்தம் "வருகை பதிவு செய்யப்பட்டது"ன்னு எழுதினா செத்துப் போயிரும். தோட்டத்துக்கு வெளிய உள்ளவங்களுக்குச் சொல்றேன், நம்ம ஊருல பேரு விழுந்தாத்தான் அன்னைக்குச் சம்பளம், கிலோ குறைஞ்சா அரைப் பேரு, கங்காணியோ கணக்குப்பிள்ளையோ பேர வெட்டினா அன்னைக்கு மழையில நனைஞ்சது சும்மா. இத ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில தேவைப்படும்.

படி 5: "உனக்குத் தெரியாததா" ங்கிற பள்ளம்

சொந்த ஆளு ஆய்வு செய்றதுல இதுதான் பெரிய ஆபத்து, பலபேர் பேசாததும் இதுதான். ஒரு வெள்ளைக்காரர் வந்து "அரைப் பேர்னா என்ன?"ன்னு கேட்டா அரை மணி நேரம் விளக்குவாங்க. நீங்க கேட்டா சிரிச்சுட்டு "ஏன் புள்ள, உனக்குத் தெரியாததா? உங்கம்மா சொல்லியிருப்பாளே"ன்னு முடிச்சுருவாங்க. நீங்களும் தலைய ஆட்டுவீங்க, ஏன்னா தெரியும்னு நெனைக்கிறீங்க. வீட்டுக்கு வந்து ரெகார்டிங் கேட்டா பாதி நேரம் "ம்ம்", "அதான்", "அதேதான்", வேற ஒண்ணும் இல்ல. என்னோட முதல் ஆறு இன்டர்வியூவும் அப்படித்தான், தூக்கிப் போட வேண்டியதாப் போச்சு.

என்ன பண்றது? பொய்யாத் தெரியாத மாதிரி நடிக்காதீங்க, அவங்க ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சுருவாங்க. கேக்குற ஆள மாத்துங்க. நான் சொன்னது: "எனக்குத் தெரியும் பெரியம்மா, ஆனா இத வாசிக்கப் போற சேர் சிங்களவரு, தேயில மலைய பஸ்லதான் பாத்திருக்காரு, அவருக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க." உடனே நிமிந்து உக்காந்து சொல்வாங்க, சில பேரு அந்த சேருக்கு திட்டும் சேத்தே அனுப்புவாங்க. இல்லாட்டி பொதுவாக் கேக்காம ஒரு நாளக் கேளுங்க: "போன வியாழக்கிழமை எத்தன கிலோ, யாரு நிறுத்தாங்க, துண்டுல என்ன எழுதினாங்க?" இன்னொரு வழி, உங்களுக்குத் தெரிஞ்சதத் தப்பாச் சொல்லுங்க, திருத்துவாங்க, அந்தத் திருத்தத்துல தங்கம் இருக்கும். (இத என் பொறுப்பாளர் சேர்கிட்ட சொன்னப்ப இது நேர்மையான்னு கேட்டாரு. தெரியாத மாதிரி நடிக்கிறத விட இது பரவால்லன்னுதான் இன்னும் நெனைக்கிறேன்.)

அப்படிக் கேட்டப்பதான் தெரிஞ்சது, எனக்குத் தெரியும்னு இருந்ததே தப்பு. கிலோ குறைஞ்சா அரைப் பேரு, அவ்வளவுதான்னு இருந்தேன். 2021ல நாள் சம்பளம் 1,000 ரூபாவா ஆனதுக்கு அப்புறம் எடுக்கச் சொல்ற கிலோவ ஏத்திட்டாங்க, அதனால ஒரே வீட்டுல அம்மாவும் மகளும் சேந்து ஒரு கூடையில போட்டு ஒரு ஆளுக்கு மட்டும் முழுப் பேரு வாங்குறது, அந்தக் காசு யாரோடதுன்னு ராத்திரி சண்டை, இதெல்லாம் எங்கம்மா வேலைய விட்டதுக்குப் பிறகு வந்த கதை. நான் கெம்பஸ்ல இருந்த அஞ்சு வருஷத்துல தோட்டம் எனக்காக நின்னுக்கிட்டு இருக்கல.

படி 6: உங்ககிட்ட யாரும் சொல்லாதது

இங்க கொஞ்சம் நிதானமா வாசிங்க.

மைசூர்ல எம்.என். ஸ்ரீநிவாஸ்ங்கிற மானிடவியலாளர் 1948ல ராம்புராங்கிற பேர் குடுத்த ஊருல போய்த் தங்கினாரு, அவரோட முன்னோர் ஊரும் அங்க இருந்து கிட்டதான். ஆக்ஸ்போர்ட்ல இருந்து வந்த ஆய்வாளர்னு அவரு நெனச்சாரு, ஊருக்கு அவரு பிராமணரு. குளிச்சதுக்கு அப்புறம் சவரம் பண்ணினதப் பாத்துட்டு ஒரு பிராமணன் இப்படிச் செய்யலாமான்னு கேட்டாங்களாம். தங்கினது ஊர்த் தலைவரோட இடம், பழகினது பெரும்பாலும் மேல இருக்கிற ஆளுங்க கூட, தலித் மக்களோட பார்வையில அந்த ஊரு எப்படி இருந்துச்சுங்கிறது அவருக்கு முழுசாக் கிடைக்கல. 1970ல அமெரிக்காவுல அவரு தொகுத்து வச்சிருந்த குறிப்பெல்லாம் தீயில எரிஞ்சு போய், ஞாபகத்துல இருந்து புத்தகம் எழுதினாருன்னு எல்லாரும் பெருசாச் சொல்வாங்க. எனக்கு என்னவோ எரிஞ்ச நோட்ட விட, எழுதக் கிடைக்காமலே போன நோட்டுதான் மண்டையில நிக்குது.

தோட்டத்துல சாதி இல்லன்னு கூட்டத்துல சொல்வாங்க. கங்காணிமாரு ஆள் சேத்துட்டு வந்ததே சொந்தம் சாதின்னு பாத்துத்தான், அந்தக் காலத்துல லயம் பிரிச்சுக் குடுத்ததும் பல தோட்டத்துல அப்படித்தான். இன்னைக்கும் யாரு வீட்டுல கை நனைப்பாங்க, கோயில் திருவிழாவுல யாருக்கு எந்த வேலைன்னு பாத்தீங்கன்னா தெரிஞ்சுரும். நீங்க போய் உக்காந்த உடனே உங்க சாதி அந்த வீட்டுக்குத் தெரியும், அதனால உங்ககிட்ட வர்ற பதில் எல்லாம் உங்க சாதிக்குச் சொல்லப்பட்ட பதில். உங்க ஆளுங்க "நமக்குள்ள என்ன"ன்னு நெருக்கமா வருவாங்க, மத்தவங்க "அப்படி ஒண்ணும் இல்ல புள்ள"ன்னு பளபளன்னு சிரிப்பாங்க. ரெண்டையும் டேட்டான்னு ஒரே பெட்டியில போடாதீங்க.

எனக்கு விஷயம் உடைஞ்சது மேட்டு லயத்துல. எழுபது தாண்டின ஒரு பாட்டி, மூணு தடவ போயிருக்கேன், தேத்தண்ணி தருவாங்க, மழையப் பத்திக் கதைப்பாங்க, சம்பளம்னா மட்டும் "அதெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு". நாலாவது தடவ ரெகார்டர் எடுக்காமப் போனேன். திடீர்னு கேட்டாங்க, "உங்க தாத்தாவுக்குச் சாகுறப்ப கை இழுத்துக்கிச்சாமே, எந்தக் கை?" தெரியாதுன்னேன். "வலக்கையாத்தான் இருக்கும். அந்தக் கையாலதான் என் பேர வெட்டுவாரு"ன்னாங்க. புள்ளத்தாச்சியா ஏழு மாசத்துல மலையேற முடியாம பிந்தி வந்த நாளெல்லாம் பேரு வெட்டியிருக்காரு, ஒரே மாசத்துல பதினோரு நாள், பதினொண்ணுன்னு விரல் மடக்கிச் சொன்னாங்க. கோவமே இல்லாம, உப்பு விலை சொல்ற மாதிரி.

நான் கொழுந்துக்காரி மகள்னு நெனச்சுக்கிட்டு நாலு மாசம் வீடு வீடா ஏறினேன். அந்த லயத்துல நான் முதல் நாள்ல இருந்தே கங்காணி பேத்தி. அவங்க "நல்லாத்தான் இருந்துச்சு"ன்னு சொன்னது சம்பளத்தப் பத்தின தகவல் இல்ல, கங்காணி வீட்டு ஆளுகிட்ட என்ன சொல்லலாம் என்ன சொல்லக் கூடாதுங்கிற அறுபது வருஷப் பழக்கம்.

செய்ய வேண்டியது: ஒவ்வொரு இன்டர்வியூ முடிஞ்ச அன்னைக்கு ராத்திரியே "இந்த வீடு என்னை யாராப் பாத்துச்சு"ன்னு ஒரு வரி எழுதுங்க. எக்செல்ல வயசு, வேலை எல்லாம் போடுறீங்கல்ல, அதுக்குப் பக்கத்துல இதுக்கும் ஒரு நிரல் போடுங்க, மக, கங்காணி பேத்தி, கெம்பஸ் மிஸ், கல்யாணத்துக்குப் பாக்கிற பொண்ணு (இது நெசமாவே ரெண்டு வீட்டுல நடந்துச்சு), அரசாங்க உத்தியோகம். அப்புறம் அந்த நிரல வச்சு பதில்களப் பிரிச்சுப் பாருங்க. பதில் மாறுதுன்னா அதுவே ஒரு அத்தியாயம். முடிஞ்சா வேற குடும்பத்து, வேற சாதிப் பொண்ணு ஒருத்தரக் கூலி குடுத்து, உண்மையான கூலி, சும்மா சர்டிபிகேட் இல்ல, உங்களுக்குக் கிடைக்காத வீடுகளுக்கு அனுப்புங்க. முடியாட்டி கிடைக்கலன்னு எழுதுங்க.

படி 7: கையெழுத்து

எத்திக்ஸ் கமிட்டி மூணு பக்கத்துல சம்மதப் படிவம் குடுத்து ஒவ்வொருத்தர்கிட்டயும் கையெழுத்து வாங்கச் சொல்லும். நம்ம ஆளுங்களுக்குக் காகிதம்னா என்னன்னு கமிட்டிக்குத் தெரியாது, நீங்கதான் சொல்லணும். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்துல நாடில்லாமப் போய், 1949 சட்டத்துக்குக் கீழ மனுப் போட்டு நிராகரிச்சு, 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துல 5,25,000 பேரு இந்தியாவுக்கு, 3,00,000 பேரு இங்கன்னு எண்ணிப் பிரிச்சு, மிச்ச 1,50,000 பேர 1974ல பாதிப் பாதியாப் பங்கு போட்டு, கடைசியா 2003 சட்டம் வந்துதான் மிச்சம் இருந்தவங்களுக்கும் தீர்வு. இந்த எல்லாத்துலயும் ஒரு படிவம் இருந்துச்சு, யாரோ படிச்ச ஆளு வந்து "இங்க கைநாட்டு வை"ன்னு சொன்னாரு, அதுக்கப்புறம் அண்ணன் ஒரு நாட்டுல தங்கச்சி ஒரு நாட்டுல. அறுபது வயசு ஆளு உங்க படிவத்தப் பாத்துக் கைய இழுத்துக்கிட்டா அது படிப்பறிவு இல்லாததால இல்ல.

வாய்மொழிச் சம்மதத்துக்கு விண்ணப்பத்துலயே அனுமதி கேளுங்க, காரணத்த இந்த வரலாற்றோட எழுதுங்க, எனக்கு ஒத்துக்கிட்டாங்க.

இதுல இன்னொரு முடிச்சு, சொந்தக்காரங்க. சித்திகிட்ட "விருப்பம் இல்லன்னா வேண்டாம்"னு சொன்னா அவங்க வேண்டாம்னு சொல்வாங்களா? அக்கா மக படிப்பு முடியணும்னு தலைவலியோட உக்காந்து பேசுவாங்க. அது சம்மதம் இல்ல, பாசம். அதனால சொந்தக்காரங்ககிட்ட ரெண்டு தடவ கேளுங்க, ரெண்டாவது தடவ எல்லாம் பேசி முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சு, "இதுல எத எழுத வேண்டாம்?"னு கேளுங்க. வேணுமா வேண்டாமான்னு கேட்டா வேணும்பாங்க, எத விடணும்னு கேட்டா சொல்வாங்க. எங்க சித்தி நாலு விஷயம் சொன்னாங்க, நாலும் என் தீசிஸ்ல இல்ல. அதுல ஒண்ணு அருமையான மேட்டர், இன்னைக்கும் கை அரிக்குது.

படி 8: உதவி கேப்பாங்க

இத சுருக்கமாச் சொல்றேன். ஈபிஎப் (சேமலாப நிதி) படிவம், அடையாள அட்டை, அரசாங்க உதவிப் பணத்துக்குக் கடிதம், மகனுக்கு வேலை, எல்லாம் கேப்பாங்க. செய்ங்க, செய்யாம இருந்தா நீங்க மனுஷரே இல்ல. ஆனா இன்டர்வியூ இருக்கிற அதே நாள் செய்யாதீங்க, செஞ்சத நோட்டுல எழுதுங்க, காசு மட்டும் கடனாக் குடுக்காதீங்க.

படி 9: ரெண்டு நோட்டு

ஒண்ணு அவங்க சொன்னதுக்கு, ஒண்ணு உங்களுக்கு வந்த வெக்கம், கோவம், அழுகைக்கு. எங்க வீட்டுப் பழைய காம்பிரா (லயத்து அறை) இப்ப வேற ஆளுங்களுக்குக் குடுத்திருக்கு, அதுக்குள்ள போய் உக்காந்து இன்டர்வியூ எடுத்தப்ப பதில் ஒண்ணும் காதுல விழல, செவத்துல எங்கம்மா ஆணி அடிச்ச இடத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன். அந்த ரெகார்டிங்ல நான் ஒரே கேள்விய மூணு தடவ கேட்டிருக்கேன். ரெண்டாவது நோட்டு இல்லாட்டி அந்தப் பொண்ணு ஒழுங்காப் பதில் சொல்லலன்னு எழுதியிருப்பேன்.

எழுத உக்காரும்போது தோட்டமே தெரியாத ஒரு ஆளுகிட்ட பத்துப் பக்கம் குடுத்து வாசிக்கச் சொல்லுங்க. அவங்க "இது ஏன்?"னு கேக்குற இடத்துல எல்லாம் நீங்க "உனக்குத் தெரியாததா"ன்னு தாண்டி வந்திருப்பீங்க.

படி 10: அந்தப் பகுதிய எழுதுறது

எல்லாரும் எழுதுற மாதிரி இது: "நான் மலையகத் தமிழ்ப் பெண் என்பதால் இம்மக்களின் உணர்வுகளை உள்ளிருந்து புரிந்துகொள்ள முடிந்தது." இது பாஸ் மார்க் வாங்கும், ஆனா வாசிக்கிறவங்களுக்கு இதுல ஒண்ணும் இல்ல. அந்தப் பகுதியோட வேலை உங்க ஆய்வ எங்க நம்பலாம் எங்க சந்தேகப்படணும்னு வாசகருக்குச் சொல்றது. நான் கடைசியா எழுதினது கிட்டத்தட்ட இப்படி: "ஆய்வு நடந்த டிவிஷனில் என் தாத்தா சில்லறைக் கங்காணியாக இருந்தவர். மேட்டு லயத்தின் மூத்த பெண்கள் என்னை அவருடைய பேத்தியாகவே பார்த்தனர். பேர் வெட்டப்பட்டது பற்றிய பேச்சு அங்கு நான்காவது சந்திப்புக்கு முன் வரவில்லை. அதற்கு முன் எடுத்த நேர்காணல்களை நிர்வாகம் பற்றிய பகுதியில் பயன்படுத்தவில்லை." பெருமையும் இல்ல, பாவமன்னிப்பும் இல்ல. தாத்தாவுக்காக நாலு பக்கம் அழுது எழுதின ஒரு வெர்ஷனும் இருந்துச்சு, அது என்னப் பத்தின கதையாப் போச்சுன்னு எடுத்துட்டேன். தனி அத்தியாயமா ஒதுக்கி வைக்கவும் வேண்டாம், எந்த இடத்துல உங்க அடையாளம் பதில மாத்துச்சோ அந்த இடத்துலயே சொல்லுங்க.

படி 11: திரும்பிப் போறது

வெளியாள் ஆய்வு முடிச்சு பிளைட் ஏறிடுவாரு, நமக்கு சித்திரை வருஷத்துக்கு அதே லயத்துக்குத்தான் போகணும். அதனால பேரு மறைக்கிறது நமக்கு ரெண்டு மடங்கு கஷ்டம். பேர மாத்தினாப் பத்தாது, "எழுபது வயசு, மூணு மக, மூத்தவ குவைத்ல"ன்னு எழுதினா தோட்டமே யாருன்னு சொல்லிரும். மகளோட எண்ணிக்கைய மாத்துங்க, நாட்ட மாத்துங்க, ரெண்டு பேரோட விவரத்தக் கலங்க, கலந்தேன்னு முன்னுரையில சொல்லுங்க. இந்தக் கட்டுரையிலயும் கொஞ்சம் மாத்தித்தான் எழுதியிருக்கேன்.

முடிஞ்சதும் கொண்டு போய் வாசிச்சுக் காட்டுங்க, முழுசா இல்ல, அவங்கவங்க பகுதிய. நான் மேட்டு லயத்துப் பாட்டி வீட்டுக்குப் போய் அவங்க சொன்ன அந்த ரெண்டு பக்கத்தையும் வாசிச்சேன். ஏழு மாசம், பிந்தி வந்தது, பதினோரு நாள், எல்லாம் கேட்டாங்க, தலைய ஆட்டினாங்க. முடிஞ்சதும் "இது யாரு, நீ சொல்ற இந்தப் பொம்பள?"ன்னாங்க. நீங்கதான் பாட்டி, உங்களுக்குப் பிரச்சினை வரக் கூடாதுன்னு பேர மாத்தியிருக்குன்னு சொன்னேன், கமிட்டி, விதி, எல்லாம் விளக்கினேன்.

கொஞ்ச நேரம் அடுப்பையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம், "அப்ப நீயும் என் பேர வெட்டிட்ட"ன்னாங்க.

கெம்பஸ்ல குடுத்த காப்பிய மாத்த ஏலாது. பைண்ட் பண்ணி என் கையில இருந்த காப்பிய அங்கயே வச்சு, அந்தப் பொய்ப் பேரு வர்ற ஒவ்வொரு இடத்துலயும் பேனையால அடிச்சு மேல அவங்க பேர எழுதினேன், பதினாலு இடம். பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. அஞ்சாம் வகுப்புப் படிக்கிற பேத்தியக் கூப்பிட்டு, எல்லாத்துலயும் சரியா இருக்கான்னு எண்ணி வாசிக்கச் சொன்னாங்க.